வேற்றுக்கோள் உயிருக்கு ஒரு மொழி செய்வது எப்படி?

வேற்றுக்கோள் உயிர்களை வைத்துக் கதை எழுதத் தொடங்கும் எவரும் சில பக்கங்களுக்குள் ஓர் இடத்தில் வந்து நிற்பார்கள். அந்த உயிர் இப்போது பேச வேண்டும். என்ன பேசும்? பலர் அங்கே கரடுமுரடாக நாலு எழுத்தைக் கோத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் பொறுமை உள்ளவர்கள் தமிழ்ச் சொற்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு புதுச் சொல்லை எழுதுகிறார்கள்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். நானூறு சொல் சேர்ந்த பிறகுதான் புரிந்தது, என் நோட்டில் இருந்தது வேறு மொழி இல்லை, வேஷம் கட்டிய தமிழ் என்று. 'நான் வீட்டுக்குப் போகிறேன்' என்பதில் எல்லாச் சொல்லையும் மாற்றியிருந்தேன். ஆனால் அந்த உயிருக்கு 'நான்' என்ற நினைப்பு இருக்கும், வீடு என்று ஒன்று இருக்கும், போவதை இப்போது, நேற்று, நாளை என்று பிரிக்கும் என்பதெல்லாம் தமிழிலிருந்து அப்படியே வந்திருந்தது. அந்த நோட்டை மூடி வைத்துவிட்டு, அந்த உயிரின் உடம்பிலிருந்து மறுபடி தொடங்கினேன். அதற்கப்புறம்தான் மொழி நகரத் தொடங்கியது. புதிதாக வருபவர்களும் அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வழி நெடுகிலும் ஒரே உயிரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

முதலில் உடம்பு

அந்த உயிருக்கு எந்தெந்தப் புலன் உண்டு? தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்குகிறது: தொடுதல், சுவை, மணம், பார்வை, கேள்வி, கடைசியில் மனம். இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதி, உங்கள் உயிருக்கு எது கூர்மை, எது மந்தம், எது இல்லவே இல்லை என்று குறியுங்கள். பட்டியலில் இல்லாத புலனையும் சேர்க்கலாம். நம் பூமியிலேயே சில மீன்கள் உடம்பிலிருந்து மெல்லிய மின்துடிப்புகளை வெளியிட்டு ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன.

என் உயிர் பனிப்பாறைக்கு அடியில், வெளிச்சமே எட்டாத கடலில் வாழ்கிறது. கண் இல்லை. தொண்டையில் 'டக்' என்று ஒரு சொடுக்கு எழுப்பி, அது எதன்மீதாவது பட்டுத் திரும்புவதைக் கேட்டு வழி அறிகிறது. உடம்பைச் சுற்றிக் கெட்டியான ஓடு. ஆமைக்கு இருப்பதுபோல் அலகு, அதனால் உதடு இல்லை. நாக்கு உண்டு. இரண்டு கை, கைக்கு மூன்று விரல்.

இவ்வளவு போதும். இந்த ஐந்தாறு வரியிலிருந்து மொழியின் பாதி தானாகவே வந்துவிடும். கண் இல்லை என்ற ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் நாம் 'சாப்பிட்டுப் பார்', 'எண்ணிப் பார்', 'அப்புறம் பார்க்கலாம்' என்கிறோம். முயல்வது, யோசிப்பது, சந்திப்பது எல்லாவற்றுக்கும் கண்தான் நமக்கு வழி. கண்ணே இல்லாத உயிர் 'சாப்பிட்டுக் கேள்' என்றுதான் சொல்லும். 'தெளிவு', 'விளக்கு' போன்ற சொற்களுக்கு அடியில் இருக்கும் வெளிச்சமும் அதற்குக் கிடையாது. இப்படி நம் பேச்சில் ஒளிந்திருக்கும் புலன்களை ஒரு நாள் முழுக்கக் கவனித்து எழுதிவையுங்கள். மிகவும் பயனுள்ள பயிற்சி இது.

எதன் வழியாகப் பேசுகிறது?

வாயால்தான் பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தேனீ இருட்டான கூட்டுக்குள் ஆடியே செய்தி சொல்கிறது. செங்குத்துக் கோட்டிலிருந்து எவ்வளவு சாய்ந்து ஆடுகிறதோ, சூரியனிலிருந்து அவ்வளவு விலகி இரை இருக்கிறது. எவ்வளவு நேரம் ஆடுகிறதோ அதற்கேற்ற தூரம். இதைக் கண்டறிந்த கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆட்டத்தில் பேசும் உயிர் என்றால் திசையும் தூரமும் அதன் இலக்கணத்துக்குள்ளேயே இருக்கும். மணத்தால் பேசும் உயிர் என்றால் சொன்ன சொல் உடனே மறையாது. நேற்றுச் சொன்னதும் இன்று சொன்னதும் ஒரே இடத்தில் கலந்து நிற்கும். அதற்கு இறந்தகாலம் எதற்கு?

ஒலிதான் என்று முடிவு செய்தால் காற்றையோ நீரையோ கணக்கில் எடுங்கள். நம் காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். நீரில் சுமார் 1500 மீட்டர். 2021-இல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியின் மைக்ரோஃபோன்கள் அனுப்பிய பதிவிலிருந்து ஒரு விந்தை தெரியவந்தது. அங்கே தடித்த ஒலி நொடிக்குச் சுமார் 240 மீட்டரும், கீச்சொலி அதைவிடப் பத்து மீட்டர் கூடுதலாகவும் போகிறது. அதாவது தூரத்தில் நிற்பவருக்கு ஒரே சொல்லின் கீச்சுப் பகுதி முன்னே வரும், தடித்த பகுதி பின்னே வரும். ஆனால் அந்த மெல்லிய காற்று கீச்சொலியைச் சீக்கிரம் விழுங்கியும் விடும். இப்படி ஓர் உலகத்தில் வாழும் உயிர் பக்கத்தில் நின்று பேச ஒரு மொழியும், தூரத்துக்குக் கத்த ஒரு மொழியும் வைத்திருந்தால் எவ்வளவு பொருத்தம்!

இந்தக் கட்டத்திலேயே இன்னொரு முடிவும் வேண்டும். இந்த மொழியை மனிதர் பேச முடியுமா? முடியாது என்றால் கதை மாந்தர்கள் எப்படிக் கற்பார்கள், வாசகர் எப்படி மனதுக்குள் உச்சரிப்பார்? முதல் மொழிக்கு, மனித வாயால் பெரும்பாலும் சொல்லக்கூடியதாக வைத்துக்கொள்வது நல்லது.

ஒலிகளைத் தேர்ந்தெடுத்தல்

ஒலி எங்கே பிறக்கிறது என்பதைத் தொல்காப்பியப் பிறப்பியல் அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது. பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று உறுப்பு உறுப்பாகச் சொல்கிறது. அதை அப்படியே கருவியாகப் பயன்படுத்தலாம். உங்கள் உயிரிடம் எந்த உறுப்பு இல்லையோ, அந்த ஒலிகளை அடித்துவிடுங்கள்.

என் உயிருக்கு உதடு இல்லை. ப, ம இரண்டும் உதடு சேர்ந்து பிறப்பவை, போயின. வ-வுக்குப் பல்லோடு இதழ் சேர வேண்டும், அதுவும் போயிற்று. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் இதழ் குவிந்தால்தான் வரும், அவையும் போயின. எஞ்சியவற்றில் க, ட, த, ங, ந, ர, ல, ழ எட்டையும், அ, ஆ, இ, எ, ஏ ஐந்தையும் எடுத்துக்கொண்டேன். தொண்டைச் சொடுக்குக்கு ஆய்தக் குறியை வைத்தேன். ஆக 14. குறைவு என்று பயப்பட வேண்டாம். ஹவாய் மொழியில் மெய்யொலி எட்டுதான். எல்லா விநோத ஒலியையும் ஒரே மொழியில் திணிப்பது தொடக்கத்தில் எல்லோருக்கும் வரும் ஆசை. பன்னிரண்டிலிருந்து இருபது வரை போதும். எவை இல்லை என்பதில்தான் ஒரு மொழியின் ஓசை இருக்கிறது.

அடுத்து, எந்த ஒலி எங்கே வரலாம் என்று விதி வையுங்கள். தமிழ்ச் சொல் ங-வில் தொடங்குவதில்லை, ழ-வில் தொடங்குவதில்லை, ட் என்று முடிவதில்லை. இந்த மூன்று தடையையும் என் மொழியில் வேண்டுமென்றே திறந்துவிட்டேன். அந்த இனத்தின் பெயர் ஙரெட். ஒரே சொல்லில் இரண்டு இடத்தில் தமிழ் நாக்கு தடுமாறுகிறது, ஆனாலும் சொல்லிவிட முடிகிறது. வேற்றுத்தன்மைக்கு அந்த அளவு தடுமாற்றம் போதும்.

தமிழில் எழுதுவதால் ஒரு சிக்கல் உண்டு. நம் எழுத்தில் க ஒன்றுதான், ஆனால் 'கல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் அது வேறு வேறாக ஒலிக்கிறது. உங்கள் மொழியில் க எப்போதும் ஒரே மாதிரியா, இடத்துக்கு ஏற்ப மாறுமா என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் பின்னால் நூறு சொல்லைத் திருத்த வேண்டி வரும்.

உலகத்தை எப்படிப் பிரிக்கிறது?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம், இங்கே அவசரப்படக் கூடாது. தமிழ் உலகத்தை உயர்திணை, அஃறிணை என்று இரண்டாகப் பிரிக்கிறது. 'வந்தான்', 'வந்தது' என்று வினை முடியும்போதே அந்தப் பிரிவு தெரிந்துவிடும். இது உலகப் பொதுவிதி இல்லை, தமிழ் எடுத்த முடிவு. உங்கள் உயிர் என்ன முடிவு எடுக்கும்?

ஙரெட் இனம் சொடுக்கு எழுப்பி உலகை அறிகிறது. ஆகவே அதற்கு எல்லாப் பொருளும் எதிரொலியைப் பொறுத்தது. கெட்டியாகத் திரும்புவது ஒரு திணை, அதன் விகுதி -ட். மழுங்கலாகத் திரும்புவது இன்னொரு திணை, விகுதி -ங். எதிரொலியே இல்லாதது மூன்றாவது, விகுதி -ல். பனிக்கட்டி ழாட். நீர் ழால். உருகிக்கொண்டிருக்கும் பனிக்கூழ் ழாங். ஒரே பகுதி, மூன்று நிலை.

இதே விகுதிகளை அந்த இனத்தின் பெயரிலேயே வைத்துப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஙரெட் என்றால் ஓடு முற்றிய, வளர்ந்த ஒருவர். ஓடு இன்னும் முற்றாத குழந்தையின் எதிரொலி மழுங்கலாக வரும், ஆகவே குழந்தை ஙரெங். அப்படியென்றால் ஙரெல்? எதிரொலி இனி வராதவர். இறந்தவர். 'சாவு' என்று ஒரு சொல்லை நான் உருவாக்கவே இல்லை. வகைப்பாட்டைச் சரியாக வைத்ததும் அது தானாக வந்து நின்றது.

உறவுப்பெயர், தன்மைப் பன்மை போன்றவற்றிலும் இதே கேள்வியைக் கேளுங்கள். தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. அண்ணன், தம்பி இரண்டுக்கும் பொதுவாக ஓர் அன்றாடச் சொல் நம்மிடம் இல்லை, மூத்தவரா இளையவரா என்று சொல்லியே ஆக வேண்டும். காலமும் அப்படித்தான். 'முன்' என்றால் நமக்கு எதிரே இருப்பதும் அதுவே, கடந்துபோனதும் அதுவே. 'முன்னோர்' எல்லாம் போனவர்கள்தானே. நம் சொந்த மொழியைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாலே இப்படி எத்தனையோ கிடைக்கும்.

வாக்கியம்

தமிழில் எழுவாய், செயப்படுபொருள், கடைசியில் பயனிலை. இந்த வரிசையை மாற்றுவது எளிது, அதனாலேயே காரணம் இல்லாமல் மாற்றக் கூடாது. 'ஸ்டார் ட்ரெக்' படங்களில் வரும் கிளிங்கான் இனத்துக்கு மொழி செய்த மார்க் ஓக்ராண்ட் செயப்படுபொருளை முதலிலும் எழுவாயைக் கடைசியிலும் வைத்தார். மனித மொழிகளில் அந்த வரிசை மிக அரிது, வேற்றுமொழி என்ற உணர்வு அதிலேயே வந்துவிடும். என் உயிருக்கோ முதலில் காதில் விழுவது அசைவு, அப்புறம்தான் அசைந்தது எது என்று தெரியும். ஆகவே வினை முதலில். அரபு இலக்கிய மொழியிலும் வெல்ஷ் மொழியிலும் இப்படி வினை முன்வருவது இயல்பு.

தெந் என்றால் வா. அக் என்ற விகுதி 'நானே சொடுக்கி அறிந்தேன்' என்று பொருள்படும். இழ் என்ற விகுதி 'பிறர் சொன்னது'.

தெநக் ஙரெங் — குழந்தை வந்தது, நானே அறிந்தேன்.
தெநிழ் ஙரெங் — குழந்தை வந்ததாம்.
தெந் ஙரெங் — குழந்தை வந்திருக்குமோ?

இரண்டாவது வாக்கியத்தின் 'ஆம்' தமிழிலேயே இருக்கிறது பாருங்கள். 'வந்தது' என்பதற்கும் 'வந்ததாம்' என்பதற்கும் உள்ள தூரம் நமக்கு நன்றாகத் தெரியும். வித்தியாசம் என்னவென்றால், நாம் 'ஆம்' சேர்க்காமலும் விடலாம், ஙரெட் விட முடியாது. எப்படித் தெரியும் என்று சொல்லாத வாக்கியம் அவர்களுக்குக் கேள்விதான். ஒரு மொழி எதையெல்லாம் சொல்ல முடியும் என்பதைவிட, எதைச் சொல்லாமல் விட முடியாது என்பதில்தான் அதைப் பேசுபவர்களின் குணம் தெரிகிறது. உங்கள் மொழிக்கு இப்படி ஒரே ஒரு கட்டாயத்தையாவது கொடுங்கள்.

எதிர்மறைக்கு வினையின் முடிவில் தொண்டைச் சொடுக்கு. தெநஃ ஙரெங்: குழந்தை வரவில்லை. சொடுக்கினேன், ஒன்றும் திரும்பவில்லை என்பதை ஓசையே காட்டிவிடுகிறது.

சொற்கள், எண்கள்

சொற்களைப் பட்டியல் போட்டுப் பெயர்க்காதீர்கள் என்று முதலிலேயே சொன்னேன். முப்பது பகுதி போதும். அவற்றை விகுதியாலும் சேர்க்கையாலும் பெருக்குங்கள். அப்புறம் மொழிக்குக் கொஞ்சம் வயது கொடுங்கள். எல்லாமே ஒழுங்காக இருக்கும் மொழி பேசப்பட்ட மொழி மாதிரி இருக்காது. தமிழில் பால், புலி என்பவை கன்னடத்தில் ஹாலு, ஹுலி. ஒரே ஒலிமாற்றம் சொல் சொல்லாகப் பரவியிருக்கிறது. நீங்களும் ஒரு விதி எழுதி எல்லாச் சொல் மீதும் ஓட்டுங்கள். என் விதி: இ-க்கு முன் வரும் த், ல் ஆகும். நத் என்றால் உண். நதக், உண்டது. நத்தோடு இழ் சேர்ந்தால் நதிழ் வரவேண்டும், விதிப்படி நலிழ் ஆகிவிட்டது. கற்பவருக்கு இது ஒழுங்கின்மையாகத் தெரியும், உள்ளே காரணம் இருக்கும்.

எண்ணுக்கு விரலைப் பாருங்கள். 'அவதார்' படத்தின் நாவி இனத்துக்குக் கைக்கு நான்கு விரல், அதற்கு மொழி செய்த பால் ஃப்ரோமர் எட்டை அடியாக வைத்தார். கலிஃபோர்னியாவின் யூகி மக்கள் விரல்களை விட்டுவிட்டு விரலிடுக்குகளை எண்ணினார்கள், அவர்களுக்கும் எட்டு. ஙரெட்டுக்கு ஆறு விரல், ஆகவே ஆறு. நம் 25 அவர்களுக்கு நான்கு ஆறும் ஒன்றும். ஒன்றிலிருந்து ஆறு வரையும் முப்பத்தாறுக்கும் பெயர் வைத்தால் கதைக்குப் போதும்.

எழுத்துமுறை கட்டாயம் இல்லை. வேண்டும் என்றால், எதன்மீது எதைக் கொண்டு எழுதுகிறது என்று மட்டும் கேளுங்கள். ஈரக் களிமண்ணில் நாணலை அழுத்தியதால்தான் சுமேரிய எழுத்து ஆப்பு வடிவம் பெற்றது. கண் இல்லாத என் உயிர் எழுதினால் அது தடவிப் படிப்பதாகத்தான் இருக்கும்.

சோதனை

இப்போது ஒரு பத்து வாக்கியம் எழுதி மொழிபெயர்த்துப் பாருங்கள். எளியவையாகவே இருக்கட்டும். ஒருவர் வந்தார். வரவில்லை. வருவாரா? வந்தால் உண்போம். இவர் அவரைவிடப் பெரியவர். எனக்குப் பசிக்கிறது. அவள் கொடுத்ததை நான் தொலைத்துவிட்டேன். நேற்று வந்தவர் மறுபடி வந்தார். வாய்விட்டுப் படியுங்கள், போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். நாக்கு மாட்டிக்கொள்ளும் இடத்தைக் குறியுங்கள்.

எங்கேயாவது ஓர் ஓட்டை கண்டிப்பாக வரும். எனக்கு 'குழந்தை வரவில்லையாம்' என்ற வாக்கியத்தில் வந்தது. எதிர்மறை என்றாலே 'நான் சொடுக்கினேன், எதுவும் திரும்பவில்லை' என்று வைத்துவிட்டேன். அதைப் பிறர் சொல்லிக் கேட்டதாக எப்படிச் சொல்வது? இரண்டு விகுதியையும் ஒட்டவைக்க ஒரு வாரம் முயன்றேன், எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் ஒட்ட வேண்டாம் என்று விட்டேன். ஙரெட் மொழியில் ஒன்று இல்லை என்பதைக் கேள்விப்பட்டதாகச் சொல்லவே முடியாது. இல்லாததை அறிய அவரவரே போய்ச் சொடுக்க வேண்டும். குழந்தையைக் காணோம் என்ற செய்தி ஒரு தாய்க்கு எட்ட வேண்டுமானால், அவள் அங்கே போயே ஆக வேண்டும். அந்த ஓட்டையிலிருந்துதான் எனக்குக் கதையே கிடைத்தது. ஆகவே ஓட்டை தெரிந்தவுடன் அடைத்துவிடாதீர்கள். அந்த இனத்துக்கு அது ஏன் தேவைப்படவில்லை என்று ஒரு நாள் யோசித்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

கதைக்குள் கொண்டுபோகும்போது

நோட்டில் இருநூறு சொல் இருந்தாலும் கதையில் நான்கைந்துதான் வர வேண்டும். பக்கம் பக்கமாக அந்த மொழியில் உரையாடல் எழுதினால் வாசகர் தாவிவிடுவார். மற்ற பேச்சைத் தமிழிலேயே எழுதுங்கள், ஆனால் அந்த இலக்கணத்தின் நிழல் விழட்டும். 'அவர் வந்தார்' என்று ஙரெட் சொல்லாது. 'வந்தார், நானே சொடுக்கினேன், அவர்தான்' என்று சொல்லும்.

தேர்ந்தெடுத்த சொற்களை ஒரே மாதிரிச் சூழலில் மூன்று முறையாவது கொண்டுவாருங்கள். என் கதையில் முதல் பக்கத்தில் ஓடு முற்றாத ஒன்று அம்மாவின் பக்கவாட்டில் ஒட்டி நீந்துகிறது, அதை எல்லோரும் ஙரெங் என்று கூப்பிடுகிறார்கள். நடுவில் அதன் அண்ணனுக்கு ஓடு முற்றுகிறது, அன்றைக்கு முதல் முறையாக அவனை ஙரெட் என்று அழைக்கிறார்கள், அவன் பெருமையில் பாறை பாறையாகப் போய் மோதுகிறான். இதற்குள் வாசகருக்கு விகுதிகள் பிடிபட்டிருக்கும். கடைசியில் தாய் அந்த இடத்துக்குப் போய்ச் சேருகிறாள். சொடுக்குகிறாள். மறுபடி சொடுக்குகிறாள். பிறகு மெதுவாக 'ஙரெல்' என்கிறாள். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டுப் பொருள் எழுதாதீர்கள்.